கண்சிமிட்டலும் கைநாட்டும்: சமூக ஆய்வில் பொருள்கோளும் அறமும்



இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் சமூக ஆய்வு முறை பற்றிய உரை எதற்கு என்னும் ஐயம் சிலர்க்கு எழக்கூடும். பாட்டுக்குப் பொருள் காண்பதில் நாள்களைக் கழிப்போரிடம், மனிதர்தம் பேச்சுக்கும் செயலுக்கும் பொருள் காணும் முறையைப் பற்றிப் பேசுவது அயல்வீட்டுக் கதை ஆகாது. பொருள்கோள் என்னும் சொல்லே தமிழ் இலக்கணம் தந்தது. நன்னூலார் அதனை எட்டாக வகுத்தார். அவற்றுள் கொண்டுகூட்டு என்பது, பல அடிகளில் சிதறிக் கிடக்கும் சொற்களைப் பொருளுக்கேற்பக் கொண்டுவந்து கூட்டுவது. நச்சினார்க்கினியர் இதனைப் பத்துப்பாட்டில் எத்துணைத் தாராளமாகக் கையாண்டார் என்பதும், மறைமலையடிகள் 1903-இல் வெளியிட்ட முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் அம்முறையை மறுத்தார் என்பதும் இவ்வவை அறிந்தவை. புலவர் வைத்த இடத்திலிருந்து சொல்லைப் பெயர்த்தெடுத்து, உரைகாரர் தம் கருத்துக்கு இசையும் வேறோரிடத்தில் நாட்டிப் பொருள் சொல்லலாமா என்பதே அங்கு எழுந்த வழக்கு.

களப்பணிக்குச் சென்று திரும்பும் ஆய்வாளர் நாள்தோறும் செய்வது கொண்டுகூட்டுத்தான். முப்பது பேர் முப்பது சூழலில் சொன்னவற்றிலிருந்து தொடர்களைப் பெயர்த்தெடுத்து, தம் இயல் தலைப்புகளின்கீழ்க் கூட்டுகிறார். வேறுபாடு ஒன்று உண்டு. முல்லைப்பாட்டைப் பாடிய நப்பூதனார் மறைந்து பன்னூறு ஆண்டுகள் ஆயின. ஆய்வாளரிடம் பேசியவரோ உயிரோடு இருக்கிறார். மறுநாள் விடிந்ததும் அதே பண்ணையின் வயலுக்குப் போகவேண்டியவராகவும் இருக்கிறார். உரை பிழைபட்டால் பாட்டுக்கு ஊறில்லை. களத்தில் பொருள் பிழைபட்டால் கூலி போகலாம், குத்தகை போகலாம், ஊருக்குள் இருந்த நல்லுறவு போகலாம். பொருள் காணும் முறையையும் ஆய்வறத்தையும் இரண்டு தாள்களாகப் பிரித்துப் பாடம் நடத்தும் வழக்கம் பல்கலைக்கழகங்களில் உண்டு. அப்பிரிவு தேர்வுக்கு வசதியானது, களத்தில் நிற்பதில்லை.

விளக்கமுறை ஆய்வைக் கற்கத் தொடங்குவோர்க்கு முதலில் சொல்லப்படும் எடுத்துக்காட்டு கண்சிமிட்டல். ஆக்ஸ்போர்டு மெய்யியலாளர் கில்பர்ட் ரைல் கூறியதை அமெரிக்க மானிடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1973-இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுப்பில் எடுத்தாண்டு பரப்பினார். இரு சிறுவர்களின் வலக்கண் இமை சட்டென மூடித் திறக்கிறது. ஒருவனுக்கு அது நரம்புத் துடிப்பு. மற்றவன் தோழனுக்குக் கமுக்கமாகக் குறிப்புக் காட்டுகிறான். மூன்றாம் சிறுவன் ஒருவன் இரண்டாமவனை ஏளனம் செய்ய அதே போலச் சிமிட்டுகிறான். நிழற்படக் கருவிக்கு மூன்றும் ஒன்றே. வேறுபாட்டைச் சொல்ல வேண்டுமானால் யார் பார்த்திருக்க, யாருக்காக, எந்த வழக்கத்தின் பின்னணியில் அந்த இமை அசைந்தது என்பதையெல்லாம் சேர்த்தே எழுதவேண்டும். அவ்வாறு எழுதுவதற்கு அடர்விவரிப்பு என்று பெயர்.

எடுத்துக்காட்டு எளியது, அதனைத் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கூர்மை தெரியும். காவிரிப் படுகையில் நிலக்கிழார் ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஆய்வாளர் வினவுகிறார் என்று கொள்வோர் கொள்க. தெருவில் நிற்கும் உழவுத் தொழிலாளி, ‘எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க’ என்கிறார். வினாப்பட்டியலை நிரப்ப வந்தவர் ‘மனநிறைவு உண்டு’ என்னும் கட்டத்தில் குறியிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார். விளக்கமுறை கற்றவர் அவ்விடத்தில் நிற்கவேண்டும். திண்ணையில் வேறு யார் இருந்தார்கள்? சொன்னவர் தோளில் இருந்த துண்டு எங்கே போயிற்று? ‘எங்களுக்கு’ என்ற பன்மையில் யார் யார் அடக்கம்? கேட்டவரை அவர் யாராகக் கருதினார்: அரசு ஆளாகவா, நிலக்கிழாரின் விருந்தினராகவா? ‘கொறையில்லை’ என்பது பணிவாகலாம், அச்சமாகலாம், கேட்டவரை விரைவில் அனுப்பிவிடும் உத்தியாகலாம், நிலக்கிழார் காதில் விழும்படி சொன்ன கேலியாகவும் ஆகலாம். உண்மையாகவே குறையின்மையாகவும் இருக்கலாம். இவற்றுள் எது என்று திண்ணையிலேயே அமர்ந்திருந்து கண்டுபிடிக்க இயலாது.

இங்கே அறம் எங்கே வந்தது? திண்ணையைத் தேர்ந்த இடத்திலேயே வந்துவிட்டது. அவ்வினாவை அவ்விடத்தில் கேட்டது, விடைசொன்னவரைப் பொய் சொல்லவோ இடருக்கு ஆளாகவோ வற்புறுத்தியதாகும்.

தஞ்சைப் பகுதியில் இவ்விடர் கற்பனையன்று. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955-இலும் 1956-இலும் குத்தகைதாரர் பாதுகாப்புக்கும் நியாய வாரத்துக்குமான சட்டங்கள் வந்தன. 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் 30 தர ஏக்கர் என எல்லை வகுத்தது. 1970-இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. பெரும்பாலும் வாய்மொழியிலேயே நடந்த குத்தகையில், ‘இந்த வயலை யார் சாகுபடி செய்கிறார்கள்?’ என்னும் வினா ஊரின் மிகக் கூரிய வழக்கைத் தொடும் வினா. குறிப்பேட்டில் ஒரு பெயரை எழுதிக்கொண்டாலே, நாளை அது சான்றாகுமோ என்று நிலமுடையவர் அஞ்சினார். எழுதியது நிலமுடையவர் கண்ணில் பட்டால் வயல் போய்விடுமோ என்று உழுதவர் அஞ்சினார். வினவியவர்க்கு அது ஓர் அட்டவணையின் ஒரு கட்டம்.

அச்சூழலில்தான் வங்காளத்தில் பிறந்து டில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த ஆந்த்ரே பெத்தேய் என்னும் இளைஞர் 1961-இல் தஞ்சை மாவட்டச் சிற்றூர் ஒன்றுக்கு வந்தார். திருவையாற்றுப் பகுதியில் உள்ள அவ்வூருக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்டார். 1965-இல் வெளிவந்த அவருடைய ‘சாதி, வகுப்பு, அதிகாரம்’ பற்றிய ஆங்கில நூல் இந்தியச் சமூகவியலில் நிலைத்த இடம் பெற்றது. மாக்ஸ் வெபரின் வழிநின்று, முன்பு ஒரே கையில் குவிந்திருந்த சாதி உயர்வும் நிலவுடைமையும் ஊராட்சி அதிகாரமும் தனித்தனியே பிரிந்து செல்வதை அந்நூல் காட்டியது. நிலம் கைமாறிக்கொண்டிருந்தது; பஞ்சாயத்து அதிகாரம் பிராமணரல்லாதார் பக்கம் சாய்ந்துவிட்டது; அக்கிரகாரத்துப் படித்த பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தனர்.

அந்நூலின் முடிவுகளை விட, கற்கும் மாணவர்க்குப் பெரிதும் பயன்படுவது அதன் ஆசிரியர் தம் இருப்பிடம் பற்றி எழுதியது. அவர் அக்கிரகாரத்தில் ஒரு பிராமணர் வீட்டில் தங்கினார். அவர்களது உணவையும் நடையையும் ஏற்றுக்கொண்டார். அயலார் ஒருவர்க்கு அது எளிதில் கிட்டும் சலுகையன்று. ஆனால் அக்கிரகாரத்துக் கதவு திறந்தபோதே மற்றக் கதவுகள் பாதி மூடிக்கொண்டன. பிராமணரல்லாதார் தெருக்களும், அவற்றினும் மேலாக ஆதிதிராவிடர் சேரியும், அக்கிரகாரத்து விருந்தினரை அக்கிரகாரத்தின் ஓர் உறுப்பாகவே பார்த்தன. அவர் சேரிக்கு இயல்பாகப் போய்வருவது அரிதாயிற்று. இதனை அவர் மறைக்கவில்லை. அந்நூலின் முன்னுரையிலும், தி. ந. மதனுடன் சேர்ந்து 1975-இல் பதிப்பித்த களப்பணி அனுபவத் தொகுப்பிலும் விரிவாகவே எழுதினார். பல ஆய்வேடுகளில் ‘ஆய்வாளர் கிராமத்தில் தங்கித் தரவு திரட்டினார்’ என்னும் ஒற்றை வரியோடு இச்செய்தி முடிந்துவிடுகிறது. எத்தெருவில், எவர் வீட்டில், எவர் சமைத்ததை உண்டு என்பன அங்கே இரா. ஊரின் எந்தப் பாதி அவ்வாய்வேட்டில் மங்கலாகத் தெரியும் என்பதை முன்கூட்டிச் சொல்லக்கூடியவை அம்மூன்று செய்திகளுமே.

மைசூர்ப் பகுதியில் எம். என். ஸ்ரீநிவாஸ் 1948-இல் ஆய்ந்த இராம்புராவின் கதை வேறு வகையில் பாடமாவது. ஊர்த்தலைவரின் மாட்டுக்கொட்டிலை ஒட்டிய வீட்டில் தங்கி அவர் திரட்டிய குறிப்புகளைப் பல ஆண்டு உழைப்பில் பகுத்துத் தொகுத்திருந்தார். 1970 ஏப்ரலில், வியத்நாம் போர் எதிர்ப்புக் கொந்தளிப்பின்போது, ஸ்டான்ஃபோர்டில் அவர் பணியாற்றிய ஆய்வு மையத்துக்குத் தீ வைக்கப்பட்டது. அத்தொகுப்பின் படிகள் எல்லாம் அங்கேயே எரிந்தன. உடன் ஆய்வாளர் சால் டாக்ஸ் தந்த ஊக்கத்தால் நினைவிலிருந்தே எழுதத் துணிந்தார். ‘நினைவில் நின்ற ஊர்’ என்னும் பொருள்படும் தலைப்போடு அந்நூல் 1976-இல் வந்தது. எண்களும் அட்டவணைகளும் எரிந்தபின் எஞ்சியவை முகங்களும் குரல்களும். அதனால் அந்நூலில் மனிதர்கள் நடமாடுகிறார்கள். ஆயினும் நினைவு எதை எஞ்சவைக்கும்? நெருங்கிப் பழகியவர்களைத்தான். ஊரைத் தாம் பெரிதும் மேல்சாதியார் நின்ற இடத்திலிருந்தே கண்டதை ஸ்ரீநிவாசும் அந்நூலில் ஒப்புக்கொள்கிறார். நாவல் போலச் சுவைக்கிறது என்று அந்நூலைப் பாராட்டும் இலக்கிய அன்பர்கள் இக்குறையையும் சேர்த்துச் சுவைத்தல் நன்று.

ஒரே மாவட்டத்தைப் பற்றி இருவர் முரண்பட்டு எழுதும்போது பொருள்கோளின் பொறுப்பு இன்னும் தெளிவாகிறது. செங்கற்பட்டு மாவட்டச் சிற்றூர் ஒன்றில் ஆய்ந்த மைக்கேல் மொஃபட் 1979-இல் வெளியிட்ட நூலில், தாழ்த்தப்பட்டோர் தம்மை விலக்கிவைத்த அதே ஏற்றத்தாழ்வு முறையைத் தமக்குள்ளும் அமைத்துக்கொண்டுள்ளனர், ஆகவே ஆழத்தில் அவர்கள் அம்முறைக்கு உடன்படுகின்றனர் என்று வாதிட்டார். அதே மாவட்டத்தில் களப்பணி செய்த ஜோன் மென்ச்சர் அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 1974-இல், சாதியைக் கீழிருந்து பார்த்தால் அது சுரண்டல் முறையாகவே தெரிகிறது. அதன் சமய விளக்கம் மேலே இருப்போர்க்கு உரியது என்று எழுதியிருந்தார். ஒருவர் சடங்குகளையும் உட்பிரிவுகளின் உறவையும் கூர்ந்து கண்டார். மற்றவர் நிலத்தையும் கூலியையும் கேட்டறிந்தார். நிலமும் படைபலமும் மற்றவர் கையில் இருக்கும் ஊரில் ஒருவர் ஒரு வழக்கத்தைப் பின்பற்றுவதை ‘உடன்பாடு’ என்று பெயரிடுவது, அவருடைய கண்சிமிட்டலை நரம்புத் துடிப்பாகக் கொள்வதற்கு ஒப்பாகும். அச்சொல்லைப் பயன்படுத்துமுன் மறுத்தவர்க்கு அவ்வூரில் என்ன நேர்ந்தது என்று வினவியிருத்தல் வேண்டும். மொஃபட்டின் விவரணைகள் நுட்பமானவை. அவற்றின்மேல் ஏற்றிய முடிவே கனமிகுந்தது.

இனி ஊர்ப்பெயரை மறைக்கும் வழக்கம். ஸ்ரீபுரம் புனைபெயர்; கேத்லீன் கஃப் 1951 முதல் தஞ்சையில் ஆய்ந்த கும்பப்பேட்டையும் புனைபெயர். பெயரை மறைப்பது அங்குள்ளோரைக் காக்கும் என்பது நம்பிக்கை. இதற்கு நேர்மாறான மரபும் தமிழ்நாட்டில் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பி ஆய்வு செய்வித்து 1918-இல் தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய தொகுப்பை வெளியிட்டார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம் என ஊர்கள் உண்மைப் பெயரோடே நின்றன. அதனாலேயே 1930-களில் தாமஸும் இராமகிருஷ்ணனும் மீளாய்வு செய்ய முடிந்தது. 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகனும் மேற்சொன்ன மென்ச்சரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். 2008-இல் ஜான் ஹாரிஸ் குழுவினர் போனார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் ஓர் ஊரின் நிலமும் உழைப்பும் மாறிய வரலாறு தொடர்ந்து கிடைக்கிறது. பெயர் மறைத்திருந்தால் இஃது அரிது. முன்னவர் சொன்னது சரியா என்று பின்னவர் சென்று பார்ப்பதற்கு ஊர் தெரிந்தாக வேண்டும்; ஊர் தெரிந்தால் ஊர்ப் பெரிய பண்ணை யாருடையது என்பதும் தெரிந்துவிடும். இச்சிக்கலுக்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் விடை இல்லை. நிலக்கணக்கைப் பெயரோடு எழுதலாம். குடும்பத்து மறைகளை அவ்வாறு எழுதலாகாது என்பது வரை சொல்லலாம்.

புனைபெயர் யாரைக் காக்கிறது என்பதும் ஐயத்துக்குரியது. அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 1970-களின் நடுவில் ஆய்வு செய்த நான்சி ஷெப்பர்-ஹியூஸ், அவ்வூருக்குப் பாலிபிரான் எனப் பெயரிட்டு, அங்குள்ள மணமாகாத ஆடவர்தம் தனிமையையும் மனநோயையும் பற்றி 1979-இல் நூல் எழுதினார். நூல் விருது பெற்றது. அவ்வூர் எது என்பதைச் செய்தியாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஊராருக்கோ கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. புனைபெயருக்குப் பின்னே தம்மையும் தம் அண்டை வீட்டாரையும் அவர்கள் பக்கத்துக்குப் பக்கம் அடையாளம் கண்டார்கள். 1999-இல் அவர் மீண்டும் சென்றபோது ஊர் அவரை ஏற்கவில்லை, வெளியேற வேண்டியதாயிற்று. 2001-இல் வந்த புதிய பதிப்பில் அதனையும் எழுதினார். உலகத்திடமிருந்து ஊரை மறைக்க முயன்ற பெயர், ஊராரிடமிருந்து ஊராரை மறைக்கவில்லை. உறவுமுறை கொண்டே எல்லாரையும் எல்லாரும் அறியும் தமிழ்ச் சிற்றூர்களில் இது இன்னும் எளிதில் நேரும். ‘மேலத்தெருவில் இரண்டு மகள்களுள்ள, சிங்கப்பூர் சென்று திரும்பிய கைம்பெண்’ என்று எழுதியபின் பெயரை மாற்றுவதில் என்ன காப்பு இருக்கிறது?

இசைவுப் படிவத்துக்கு வருவோம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட கறுப்பின ஏழை உழவர்களுக்கு நோயின் பெயரைச் சொல்லாமலும், பெனிசிலின் கிடைத்தபின்னும் அதனைத் தராமலும், நோய் எவ்வாறு முற்றுகிறது என்று அரசு மருத்துவத் துறை நாற்பது ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கொடுமை வெளிப்பட்டதன் விளைவாக 1979-இல் பெல்மான்ட் அறிக்கை வந்தது. ஆளை மதித்தல், நன்மை செய்தல், நீதி என அது மூன்று நெறிகளை வகுத்தது. அறிந்து தரும் இசைவு என்னும் கோட்பாடு இன்று உலகெங்கும் ஆய்வு நிறுவனங்களின் வாயிலில் காவல் நிற்கிறது. வந்த வழி நியாயமானது.

தமிழ்நாட்டுச் சிற்றூரில் அது தாளாகவும் மையாகவும் வந்து சேரும்போது வேறொன்றாகிவிடுகிறது. எழுத்தறியாத மூதாட்டி ஒருவர்முன் தாளை நீட்டி ‘இங்கே ஒரு கைநாட்டு வையுங்கள்’ என்றால், அவர் நினைவில் எழுவது யாது? புரோநோட்டு, அடமானப் பத்திரம், வெற்றுத் தாளில் வாங்கப்பட்டுப் பின்னர் நிரப்பப்பட்ட கடன் சீட்டு. தலைமுறை தலைமுறையாகக் கைநாட்டு வைத்தவர்கள் நிலத்தை இழந்த நாட்டில், அம்மையே உரிமைக்கு அடையாளம் என்று அயலூர்க் குழு ஒன்று முடிவு செய்கிறது. படிவத்தின் முதற்பயன் நிறுவனத்தை வழக்கிலிருந்து காப்பது என்பதை அம்மூதாட்டி, படிக்காமலே, சரியாக ஊகித்துவிடுகிறார். வாய்மொழி இசைவை ஏற்கும் நெகிழ்வு பல நெறிமுறைகளில் உண்டு. அதனைக் கேட்டுப் பெற இளம் ஆய்வாளர்கள் தயங்குவது, கேட்டால் ஒப்புதல் தாமதமாகும் என்னும் அச்சத்தால். இன்று கைப்பேசியை மேசைமேல் வைத்துப் பதிவுசெய்வது எளிதாகிவிட்டது. எளிதானதாலேயே ‘பதிவாகிறது’ என்று சொல்வதும் மறந்துபோகிறது.

இசைவு என்பது ஒருநாள் பெற்று முடியும் பொருளன்று. முதல்நாள் ‘கேளுங்க’ என்றவர், ஆறாம் மாதம் மகன் கலப்பு மணம் செய்து ஊர் இரண்டுபட்டபின் ‘அன்னைக்குச் சொன்னதை எழுதாதீங்க’ என்பார். அப்பகுதிதான் ஆய்வேட்டின் மிகச் சிறந்த பக்கமாகவும் இருக்கும். அதனை எடுத்துவிடும் மனம் எந்த வகுப்பறையிலும் கற்பிக்கப்படுவதில்லை. நெறியாளர் ஒருவர் தம் மாணவரின் குறிப்பேட்டை உடனிருந்து படித்து, ‘இது போகட்டும்’ என்று சொல்லும்போது கைவருவது. நெறியாளர்கள் களக்குறிப்பைப் படிப்பதுதான் அருகிவிட்டது. மாணவர் கொண்டுவரும் இயலின் ஒற்றுப்பிழை பார்த்துக் கையொப்பமிடுவதோடு நிற்கிறார்கள்.

கற்பிக்கும் வழியும் இல்லாமல் இல்லை. ஒரே நேர்காணலை நான்கு மாணவர் தனித்தனியே பெயர்த்தெழுதட்டும். பேச்சின் மௌனங்களையும் சிரிப்பையும் எவர் விட்டுவிட்டார் என்பது அரைமணி நேரத்தில் தெரியும். ‘வந்தாங்க’ என்பதை ஒருவர் ‘வந்தார்கள்’ என்றும் மற்றவர் ‘வந்தனர்’ என்றும் திருத்தியிருப்பார். பேச்சைத் திருத்திய அக்கணத்தில் பேசியவரின் தெருவும் அழிகிறது. நா. வானமாமலை 1969-இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழைச் சூழ்ந்தும், பின்னர்ப் பாளையங்கோட்டையிலும் வளர்ந்த நாட்டார் வழக்காற்றியல் துறையினர் இவ்வகையில் பெற்ற பழக்கம் சமூகவியல் துறைகளுக்குக் கடனாகத் தரத்தக்கது. பாடியவர் யார், எப்போது பாடினார், எவர் கேட்டிருந்தனர் என்று வினவாமல் பாட்டை மட்டும் அச்சிடும் தொகுப்பைக் குறையுடையதாகக் கருதக் கற்றவர்கள் அவர்கள்.

நிறைவாக ஒரு நூல். புதுச்சேரிக்கு அருகிலுள்ள கரணி என்னும் ஊரின் சேரியில் வாழ்ந்த வீரம்மா, ஜோசியான் ராசினிடம் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் தம் வாழ்க்கையைத் தமிழில் சொன்னார். ஜோசியானும் ழான்-லுக் ராசினும் அதனை நூலாக்கினர். 1995-இல் பிரெஞ்சிலும் 1997-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. வீரம்மா மழைநீர் போலப் பேசுகிறார்: பிள்ளைகளை இழந்தது, நடவு வயல் கேலி, பேய்கள், ஆண்டையின் பெருமை, அவர் செய்த அநீதி எல்லாம் ஒரே மூச்சில் வருகின்றன. எதிர்ப்புக் குரலை எதிர்பார்த்துத் திறந்தவர்க்கு அவருடைய பணிவு இடிக்கிறது. பணிவை எதிர்பார்த்தவர்க்கு அவருடைய நகைப்பு இடிக்கிறது. வினாக்கள் நீக்கப்பட்டுப் பேச்சு தொடர்கதையாகக் கோக்கப்பட்டிருப்பதால் இங்கும் கொண்டுகூட்டு உண்டு. தமிழில் பேசிய பேச்சு அயல்மொழியில் முதலில் அச்சேறியதில் இழப்பும் உண்டு. ஆயினும் பதிப்பாளர்கள் தம் விளக்கத்தை அவர் பேச்சினிடையே நுழைக்காமல், நூலின் பின்னே தனிக்கட்டுரையாக வைத்தார்கள். மூலம் ஒருபுறம், உரை ஒருபுறம். நூலின் முகப்பில் மூன்று ஆசிரியர் பெயர்கள் இருக்கின்றன; முதற்பெயர் வீரம்மா.